இருநூற்றுப் பன்னிரண்டு டூப்ளிகேட்

1. நாற்பத்தொன்று

தொழிற்சாலைக்காரர்கள் அறுபது பெயர் கேட்டிருந்தார்கள். என் திரையில் நாற்பத்தொரு பெயர்தான் இருந்தது.

ஆடி மாதம், ஒரு வியாழக்கிழமை, காலை பதினொன்றரை மணி. திண்டிவனத்துக்கும் மயிலத்துக்கும் இடையில் இருக்கும் ஒரு பாலிடெக்னிக்கின் பிளேஸ்மென்ட் அலுவலகம். படித்து முடித்தவர்களுக்கு வேலைவாய்ப்புத் தகவல் அனுப்புவதுதான் என் வேலை. அன்று வந்த மெயில் சுருக்கமாக இருந்தது. சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு எங்கள் வளாகத்திலேயே இன்டர்வியூ. டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்து, இருபத்து நான்கு வயது நிறையாதவர்கள் வரலாம். பெயர்ப் பட்டியல் வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குள் வேண்டும்.

எங்கள் மெயில் புரோகிராமின் காண்டாக்ட்ஸில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பழைய மாணவர்களின் கார்டுகள் இருந்தன. பெயர், ஊர், பிறந்த தேதி, பிரிவு, போன், மெயில் ஐடி. பிரிவையும் வயதையும் கொடுத்து ஃபில்டர் போட்டேன். நாற்பத்தொன்று வந்தது. அவர்களுக்கு மெயிலை அனுப்பிவிட்டு, எண்ணிக்கையை விழுப்புரத்தில் இருக்கும் டிரஸ்ட் அலுவலகத்துக்குச் சொன்னேன். பத்து நிமிடத்தில், கல்லூரியை நடத்தும் கரஸ்பாண்டென்ட் சார் போனில் வந்தார்.

"இன்னாம்மா இது, அறுபது கேட்டா நாப்பத்தொண்ணு குடுக்கிறே? நம்ம காலேஜ்ல மெக்கானிக்கல் படிச்சவன்லாம் எங்க, சந்நியாசம் போயிட்டானா?"

"ஃபில்டர்ல வந்தது அவ்வளவுதான் சார்."

"ஃபில்டரா? காபியாம்மா போடுறே? ஆளக் கூப்பிடும்மா, ஆள."

போனை வைத்துவிட்டார். நான் எழுந்து ஜன்னல் வரை போனேன், திரும்பி வந்தேன், மறுபடி ஃபில்டர் போட்டேன். நாற்பத்தொன்று. தண்ணீர் குடித்துவிட்டு வந்து இன்னொரு முறை போட்டேன். அதே எண்.

இந்த வேலைக்கு வருவதற்கு முன் பதினொரு ஆண்டுகள் ஒரு நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் உதவி ஆசிரியராக இருந்தேன். அங்கே பழகிய ஒரு பழக்கம், எந்தப் பட்டியலைப் பார்த்தாலும் எந்த ஊர் அதில் இல்லை என்று பார்ப்பது. மூன்று நாளாக ஓர் ஊரிலிருந்து செய்தியே வரவில்லை என்றால் அங்கே எதுவும் நடக்கவில்லை என்று நாங்கள் எடுத்துக்கொள்ள மாட்டோம். நிருபருக்குக் காய்ச்சல், அல்லது அவருடைய இணைய இணைப்பு செத்துப்போயிருக்கும். விசாரித்தால் இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும்.

நாற்பத்தொன்றை ஊர்வாரியாகப் பிரித்தேன். திண்டிவனம் பதினான்கு, விழுப்புரம் பதினொன்று, மயிலம் ஒன்பது, மற்ற ஊர்கள் ஏழு. வளவனூர் இல்லை. வளவனூர்ப் பக்கத்திலிருந்து வரும் எங்கள் கல்லூரிப் பேருந்தில் உட்கார இடம் இருக்காது. பாதிப் பேர் நின்றுகொண்டு வருவார்கள். ஆறு பேட்ச் அப்படி வந்து படித்திருக்கிறார்கள். அந்த ஊர் பூஜ்யமாக இருக்க முடியாது.

தேடும் கட்டத்தில் தேவகி என்று அடித்தேன். எதுவும் வரவில்லை.

தேவகி மெக்கானிக்கல் முடித்தவள். வளவனூர்ப் பக்கம் வீடு, விழுப்புரத்தில் ஒரு துணிக்கடையில் விற்பனைப் பிரிவில் வேலை. இரண்டு வருடமாக மாதம் ஒருமுறை, அவளுக்கு வார விடுமுறை விழும் நாளில், பஸ் ஏறி எங்கள் அலுவலகத்துக்கு வருவாள். கவுன்டருக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு ஒரே கேள்வி கேட்பாள்: "என் பேரு லிஸ்ட்ல இருக்குதான்னு காட்டுங்க மேடம்." நான் மானிட்டரைத் திருப்புவேன். எக்கிப் பார்த்து, தன் பெயரைப் படித்துவிட்டுப் போவாள்.

பத்து நாளைக்கு முன்பும் வந்திருந்தாள். அடுத்த மாதம் இருபத்து நான்கு முடிகிறது, அதற்குள் ஏதாவது வந்தால் தேவலை என்றாள். அன்று நான் மாத அறிக்கை தயாரித்துக்கொண்டிருந்தேன். மானிட்டரைத் திருப்பவில்லை. "இருக்கும்மா, எங்க போகப் போவுது? வந்தா முதல் மெயில் உனக்குத்தான்" என்றேன். சரி என்று போய்விட்டாள்.

2. பதினொரு வினாடி

அந்தப் பெயரை அழித்தது நான்தான். எப்படி என்று விவரமாக எழுதுகிறேன். இந்த நாற்காலிக்கு அடுத்து வருகிறவர் ஸ்கிரிப்ட் எழுதத் தெரிந்தவராகத்தான் இருப்பார்.

நான் வந்து சேர்ந்தபோது காண்டாக்ட்ஸ் பல கைகள் பட்டுக் கிடந்தது. திண்டிவனம் என்ற ஒரே ஊர் ஐந்து விதமாக எழுதப்பட்டிருந்தது. சில கார்டுகளில் பிரிவு இல்லை, சிலவற்றில் பேட்ச் இல்லை. கையால் திருத்தினால் ஒரு மாதம் ஆகும். நாளிதழில் பக்க வடிவமைப்புக்குச் சின்னச் சின்ன மேக்ரோ எழுதிய பழக்கம் இருந்ததால், கம்ப்யூட்டரே திருத்திக்கொள்ளும்படி எட்டு வரியில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். முதல் கார்டிலிருந்து கடைசிக் கார்டு வரை ஒரு லூப். ஊர் ஃபீல்டில் இப்படி இருந்தால் அப்படி மாற்று, சேமி, அடுத்ததற்குப் போ. ஒரு நிமிடத்துக்குள் வேலை முடிந்தது. ஒரு மாத வேலை கண்ணெதிரே ஒரு நிமிடத்தில் முடிகிறபோது வரும் தெம்பு சாதாரணமானதல்ல.

அந்தத் தெம்பில், இந்த இன்டர்வியூவுக்கு மூன்று வாரம் முன்பு, அடுத்ததை எழுதினேன். ஒரே ஆளுக்கு இரண்டு கார்டு இருப்பது ஆங்காங்கே கண்ணில் பட்டது. அவற்றை ஒன்றாக்க வேண்டும். இருவர் ஒரே ஆள்தான் என்று எதை வைத்துச் சொல்வது? பெயரை வைத்துச் சொல்ல முடியாது, முருகன்களே எண்பது பேர். மெயில் ஐடி என்பது ஆளுக்கு ஒன்றுதான் என்று நினைத்தேன். யாரிடமும் கேட்கவில்லை. ஸ்கிரிப்டின் சாரம் இதுதான்: மெயில் ஐடி ஒன்றாக இருந்தால் அகர வரிசையில் முதலில் வரும் கார்டை வைத்துக்கொள், மற்ற கார்டுகளின் பிரிவு, பேட்ச் விவரங்களை அதில் சேர், பிறகு அவற்றை நீக்கு.

முதல் வரியிலேயே பேக்கப் எடுக்கவும் எழுதியிருந்தேன். எல்லாக் கார்டுகளையும் ஒரு கோப்பாகச் சேமித்துவிட்டுத்தான் லூப் தொடங்கும். கவனமாகத்தான் செய்கிறோம் என்ற நினைப்பு எனக்கு இருந்தது.

பதினொரு வினாடி ஓடியது. "இருநூற்றுப் பன்னிரண்டு டூப்ளிகேட் நீக்கப்பட்டன" என்று திரையில் ஒரு பெட்டி வந்தது. சுத்தமாகிவிட்டதா என்று பார்க்க இன்னொரு முறை ஓட்டினேன். பூஜ்யம் என்று வந்தது. திருப்தியாக இருந்தது. அன்று மாலையே டிராஷையும் காலி செய்தேன். மாத அறிக்கையில் அந்த எண்ணை ஒரு சாதனையாகக் குறிப்பிட்டேன்.

தேவகி வந்து நின்றது அந்த அறிக்கையை அடித்துக்கொண்டிருந்தபோதுதான்.

வியாழக்கிழமை மதியம் பேக்கப் கோப்பைத் திறந்தேன். அதிலும் தேவகி இல்லை. இரண்டாம் முறை ஓட்டியபோது ஸ்கிரிப்ட் முதல் வேலையாக மறுபடி பேக்கப் எடுத்திருக்கிறது, அதே பெயரில், பழையதன் மேலேயே. நல்ல கோப்பின் இடத்தில் சேதமான கோப்பு உட்கார்ந்திருந்தது. அழித்ததைச் சரிபார்க்கப் போய், அழித்ததற்கான சாட்சியையும் நானே அழித்திருந்தேன்.

3. அபிராமி

வளவனூர் என்று தேடினேன். மூவாயிரம் கார்டுகளில் ஒன்றே ஒன்று வந்தது. அபிராமி ஆர். அவளுடைய கார்டில் மெக்கானிக்கல், சிவில், எலக்ட்ரிகல், ஆட்டோமொபைல், ஆறு பேட்ச் என்று எல்லாம் இருந்தது. வயது இருபத்தேழு, அதனால் அவளும் ஃபில்டரில் விழவில்லை. போன் எண் இருந்தது. பேசினேன்.

அவள் கல்யாணமாகிப் புதுச்சேரியில் இருந்தாள். மெயில் ஐடியைப் படித்துக்காட்டியதும் சிரித்தாள்.

"அது என்னுது இல்ல மேடம். ஜாகீர் பாயோடது. பிரவுசிங் சென்டர் வச்சிருக்காரே, அவரு. எங்க ஊருப் பக்கம் எல்லாருக்கும் அதான் மெயிலு. நல்லவேளை நீங்களே பேசுனீங்க. ரெண்டு மூணு வாரமா எல்லா மெயிலும் எம் பேருக்கே வருதாம். நேத்து கூட பாய் போன் பண்ணி, 'இன்னாம்மா, சிவிலும் முடிச்சிட்டியா, எலக்ட்ரிகலும் முடிச்சிட்டியா, மாப்பிள்ளைக்குத் தெரியுமா'ன்னு கலாய்ச்சாரு."

போனை வைத்தபோது மணி மூன்றே கால். பதிவேட்டு அறையில் தேவகியின் அட்மிஷன் ஃபைலை எடுத்தேன். அதில் இருந்தது அவள் அப்பாவின் பழைய எண், உபயோகத்தில் இல்லை. எந்தத் துணிக்கடை என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. ஜாகீர் பாயின் எண்ணை அபிராமி அனுப்பினாள், அடித்தேன், பதினாறு முறை. பிஸி, பிஸி, எடுக்கவில்லை, பிஸி. அன்று ஏதோ தேர்வு முடிவு நாள் என்று பிறகுதான் தெரிந்தது. வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் இடம் கிடைத்தும் விக்கிரவாண்டி வரை என்னால் உட்கார முடியவில்லை.

4. நீளமான நோட்டு

வெள்ளிக்கிழமை காலை கல்லூரிக்குப் போகாமல், விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி பஸ்ஸைப் பிடித்து எட்டே முக்காலுக்கு வளவனூரில் இறங்கினேன். ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டு ஜாகீர் பாய் குனிந்து உள்ளே போய்க்கொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். பன்னிரண்டு வருடம் வளைகுடாவில் ஒரு கம்பெனி அலுவலகத்தில் இருந்துவிட்டு வந்தவர். நான் யார் என்று சொன்னதும் முகம் மாறியது.

"நீங்கதானா மேடம் அது? எல்லாம் அபிராமிக்கே வருதுன்னு மூணு வாட்டி ரிப்ளை போட்டேனே, பாக்கலியா?"

பார்க்கவில்லை. நாங்கள் மெயில் அனுப்பும் கணக்கு அனுப்புவதற்கு மட்டும். அதில் வரும் பதில்களை யாரும் திறப்பதில்லை. அதைச் சொன்னேன்.

"அப்ப உங்களுக்கு வாயி மட்டும் இருக்கு, காது இல்ல" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

ஏன் எல்லோருக்கும் தன் ஐடியையே போட்டார் என்று கேட்டேன்.

"அப்ளிகேஷன்ல மெயில் ஐடி இல்லாம அடுத்த பக்கம் போவ மாட்டேங்குது. பசங்களுக்குத் தனியா ஒண்ணு திறந்து குடுத்தா பாஸ்வேர்ட மறந்துட்டு வந்து நிக்குதுங்க. ஒரே பேஜாரு. அதான் என்னுதையே போட்டுட்டேன். மெயிலு வந்தா பேரப் பாப்பேன், போன் அடிப்பேன். மெயில யாரு தெறந்து பாக்குறா மேடம்? போன் அடிச்சா எடுப்பாங்க."

மேசை டிராயரிலிருந்து நீளமான நோட்டு ஒன்றை எடுத்தார். ஒவ்வொரு வரியிலும் பெயர், பிரிவு, பதிவு எண், பிறந்த தேதி, போன், ஊர். தேர்வு முடிவு பார்க்கப் பதிவு எண்ணும் பிறந்த தேதியும் வேண்டும். அதற்காக எழுதி வைத்தது. போன் மாறினால் அடித்துவிட்டுப் பக்கத்தில் புது எண் எழுதியிருந்தார். சிலருக்கு நான்கு எண்கள் அடிக்கப்பட்டு ஐந்தாவது இருந்தது. நான் இரண்டு வருடமாகத் திருத்திக்கொண்டிருந்த காண்டாக்ட்ஸைவிட அந்த நோட்டு சரியாக இருந்தது.

நூற்று எண்பத்தாறு வரிகள். ஒன்று அபிராமி. மீதி நூற்று எண்பத்தைந்து பேரை நான் டூப்ளிகேட் என்று நீக்கியிருந்தேன். இருநூற்றுப் பன்னிரண்டில் உண்மையான டூப்ளிகேட் இருபத்தேழுதான்.

மெக்கானிக்கல் முடித்து இருபத்து நான்கு நிறையாதவர்கள் இருபத்து மூன்று பேர் என்று விரலை வைத்து எண்ணினோம். மணி ஒன்பதரை. ஆளுக்கொரு போனை எடுத்தோம்.

"டேய் கோபி, எங்க கீறே? கரும்பு லோடா? வண்டிய ஓரமா நிறுத்து. நாளைக்கு ஒம்போதரைக்கு உங்க காலேஜ்ல இன்டர்வியூ. ஆமா, வேலைதான், பின்ன உனக்குப் பொண்ணா பாக்கச் சொல்றேன்? சர்ட்டிபிகேட்ட எடுத்துக்கினு ஜல்தியா வந்து சேரு."

பன்னிரண்டு மணிக்குள் பதினாறு பேர் வருவதாகச் சொன்னார்கள். நான்கு பேர் வெளியூரில் வேலைக்குப் போயிருந்தார்கள். இரண்டு பேர் கிடைக்கவில்லை. மிச்சம் தேவகி. ஸ்விட்ச் ஆஃப்.

"அது சாயந்தரம் வரைக்கும் கிடைக்காது மேடம்" என்றார் பாய். "உள்ள போவும்போதே போன வாங்கிப் பெட்டியில போட்டுருவாங்க. கடை மூடும்போதுதான் குடுப்பாங்க. அதுவும் இப்ப ஆடித் தள்ளுபடி."

கடை மூடிய பிறகு சொன்னால் மறுநாளைக்கு லீவு கேட்க அவளுக்கு ஆள் இருக்காது. நோட்டில் அவள் பெயருக்கு நேரே கடையின் பெயரும் எழுதியிருந்தது. பதினாறு பேரின் விவரங்களைப் பாயின் கம்ப்யூட்டரில் அடித்துவிட்டு, பதினேழாவது வரியைக் காலியாக விட்டேன்.

"மூணரைக்கு உங்களுக்குப் போன் பண்றேன் பாய். அவ சரின்னா பேரச் சேர்த்து, முதல்ல வந்த நாப்பத்தொண்ணோட அனுப்பிடுங்க."

"வேணான்னு சொன்னா?"

பட்டியலைப் பிரின்ட் எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.

5. இரண்டாம் மாடி

துணிக்கடைக்குள் நுழைந்தபோது மணி இரண்டேகால். கூட்டத்தில் தானாகவே நகர்ந்து லிஃப்ட் வரை போனேன். லிஃப்டுக்கு வரிசை இருந்தது. படியேறினேன். முதல் மாடியில் ஆண்கள் பிரிவு. இரண்டாம் மாடியில் புடவை. மரூன் நிறச் சீருடைப் புடவையில் நாற்பது பெண்கள் கவுன்டர்களுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்கள். மூன்று சுற்று நடந்த பிறகுதான் தேவகியைக் கண்டுபிடித்தேன்.

"வாங்க மேடம், எந்த ரேஞ்சுல பாக்..." என்று தொடங்கி நிறுத்தினாள்.

"தேவகி, நாளைக்கு இன்டர்வியூ. நம்ம காலேஜ்ல."

அவள் கண் என்னைத் தாண்டிப் போனது. ஐந்தடி தள்ளி ஃப்ளோர் சூப்பர்வைசர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"உக்காருங்க மேடம். பொடவை பாத்துக்கினே பேசுங்க. நின்னுக்கினு பேசுனா அவரு வந்துருவாரு." ஒரு புடவையை உதறி விரித்தாள். உரத்த குரலில், "இது சாயம் போவாது மேடம்." குரலைத் தாழ்த்தி, "மெயிலு எப்ப போட்டீங்க? பாய் ஒண்ணும் சொல்லலியே."

"போடல. உன் பேரு லிஸ்ட்லயே இல்ல. நான் ஓட்டுன ஒரு ஸ்கிரிப்ட்ல அழிஞ்சிடுச்சு."

புடவை மடிப்பில் அவள் கை நின்றது.

"அன்னிக்குக் கேட்டேனே மேடம். இருக்குன்னு சொன்னீங்களே."

"பாக்காம சொன்னேன்."

அவள் அடுத்த புடவையை எடுத்து விரித்தாள், அதற்கடுத்ததையும். மூன்றாவதை விரிக்கும்போது சூப்பர்வைசர் பக்கத்தில் வந்துவிட்டார்.

"இன்னா தேவகி, ஒரு கஸ்டமருக்குக் கடையையே கவுத்துருவே போலக்கீதே. மேடம், பில் போட்டுறலாமா?"

"இன்னும் ரெண்டு பாக்கணும்" என்றேன்.

"பாருங்க, பாருங்க. உங்க கடைதான்." நகர்ந்தார்.

"ஆடி சனிக்கிழமை லீவு கேட்டா கணக்க முடிச்சி அனுப்பிருவாங்க மேடம்" என்றாள் தேவகி, புடவையைப் பார்த்தபடியே. "போன வருசம் ஒரு பொண்ணு அப்படித்தான் போச்சு. அங்க செலக்ட் ஆவலன்னா எனக்கு இதுவும் இல்ல."

"தெரியும். வான்னு சொல்ல எனக்கு வாய் இல்ல. பேரப் போடவா, வேணாவான்னு மட்டும் சொல்லு. நாலு மணிக்குள்ள அனுப்பணும்."

ஒரு வாடிக்கையாளர் என் தோளுக்கு மேலே கையை நீட்டி ஒரு புடவையை இழுத்தார். தேவகி அதை அவர் கையில் கொடுத்து, விலை சொல்லி, அவர் வேண்டாம் என்றதும் திரும்ப வாங்கி மடித்தாள். மடித்து முடித்த பிறகு சொன்னாள்.

"போடுங்க. வர்றதும் வராததும் என் பாடு. ஆனா இந்தத் தடவை நீங்க போடறத நான் பாக்கணும்."

பட்டியலைப் புடவை மேல் வைத்தேன். பேனாவால் பதினேழாவது வரியில் அவள் பெயரை எழுதினேன். பதிவு எண்ணை அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். ஒவ்வோர் எண்ணாக விரலை வைத்துச் சரிபார்த்தாள்.

"சரி மேடம்," என்றாள். பிறகு உரத்த குரலில், "இந்தக் கலரு உங்களுக்கு நல்லா இருக்கும். பில்லுக்கு அனுப்பட்டுமா?"

அந்தப் புடவையுடன்தான் கடையை விட்டு வெளியே வந்தேன். வாசலிலேயே நின்று பாய்க்குப் போன் செய்தேன். மூன்று இருபதுக்குப் பட்டியல் போய்ச் சேர்ந்தது. முதலில் வந்த நாற்பத்தொன்றும் சேர்த்து ஐம்பத்தெட்டுப் பெயர்கள்.

6. அது ஒரு கடை

சனிக்கிழமை எட்டு மணிக்கே கல்லூரி வாசலில் நின்றேன். ஒவ்வொரு பஸ் நிற்கும்போதும் எண்ணினேன். எட்டரைக்குள் வளவனூர் ஆட்கள் பதினாறு பேரும் வந்துவிட்டார்கள். எட்டு ஐம்பதுக்கு ஒரு பஸ் நின்று போனது, அதில் தேவகி இல்லை. ஒன்பதுக்கு ஒன்று, அதிலும் இல்லை. ஒன்பது பத்துக்கு வந்த பஸ்ஸிலிருந்து மரூன் புடவை ஒன்று இறங்கியது.

"வீட்ல சொல்லல மேடம். கடைக்குத்தான்னு சொல்லிட்டு வந்தேன். அதான் இந்தப் பொடவை."

மரத்தடியில் நின்ற கோபி விட்டுவைக்கவில்லை. "அக்கா, இங்க எத்தினி பர்சென்ட் தள்ளுபடி?"

"உனக்கு எத்தினி அரியர்னு மொதல்ல சொல்லு. அதுக்கேத்த மாதிரி தள்ளிக் குடுக்கறேன்."

சிரித்துக்கொண்டேதான் உள்ளே போனோம். பதிவு மேசையில் தொழிற்சாலையின் எச்.ஆர். இளைஞர் ஒருவர் லேப்டாப்புடன் உட்கார்ந்திருந்தார். தேவகி பெயரைச் சொன்னாள். அவர் தேடினார். மறுபடி தேடினார்.

"உங்க பேர் இல்லையே மேடம்."

தேவகி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை எழுத எனக்கு வரவில்லை.

நான் மேசைக்கு அந்தப் பக்கம் போய் அவர் திரையைப் பார்த்தேன். நாற்பத்திரண்டு வரிகள். நாற்பத்தொன்றும் ஒன்றும்.

"டூப்ளிகேட் எடுத்தீங்களா சார்?"

"ஆமா, காலையில. ஒரே மெயில் ஐடியில பதினேழு என்ட்ரி இருந்துச்சு மேடம். ஃபேக்னு நினைச்சு ஒண்ண வச்சிக்கிட்டு மத்தத எடுத்துட்டேன்."

"ஃபேக் இல்ல சார். அது ஒரு கடை." வளவனூரையும் ஜாகீர் பாயையும் நான்கு வாக்கியத்தில் சொன்னேன். "மெயில் ஐடிய விட்டுடுங்க. டிப்ளமோ பதிவு எண் ஆளுக்கு ஒண்ணுதான், அத வச்சிப் பிரிங்க. நேத்து மூணு இருபதுக்கு வந்த மெயில்ல மூலக் கோப்பு இருக்கும். அத மறுபடி திறங்க. உங்ககிட்ட அது இருக்கு. நான் செஞ்சப்போ என்கிட்ட அது இல்லாமப் போச்சு."

அவர் மெயிலைத் திறந்தார். ஐம்பத்தெட்டு வரிகள் வந்தன. பதிவு எண்ணை வைத்துப் பிரித்தார். ஐம்பத்தெட்டு அப்படியே நின்றது. தேவகிக்கு டோக்கன் ஐம்பத்தெட்டு.

எழுத்துத் தேர்வு, அளவுக் கருவிகளைக் கையாளும் சோதனை, நேர்முகம் என்று மாலை ஐந்து வரை நடந்தது. வராந்தாவின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் எத்தனை முறை நடந்தேன் என்று எண்ணவில்லை. வெளியே வந்த தேவகி, "வெர்னியர் கையில குடுத்தாங்க மேடம். ரெண்டு வருசம் கழிச்சுத் தொட்டேன். கை மறக்கல," என்று மட்டும் சொன்னாள். மறுநாள் கடையில் அவளை உள்ளே விடவில்லை என்று பாய் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

அதற்குப் பிறகு ஒன்பது நாள். இரண்டு முறை எச்.ஆருக்குப் போன் செய்து, ஆஃபர் அனுப்பும்போதும் மெயில் ஐடியைப் பார்த்து எதையும் நீக்கிவிட வேண்டாம் என்று சொன்னேன். இரண்டாவது முறை அவர், "மேடம், நீங்க சொல்லிட்டீங்க," என்றார். எங்கள் கணக்குக்கு வரும் பதில்களைக் காலையும் மாலையும் திறந்து பார்க்கத் தொடங்கினேன். பத்தாம் நாள் மதியம் அதில் ஒரு வரி வந்திருந்தது. ஜாகீர் பாய் அனுப்பியது.

"எட்டு பேருக்கு ஆஃபர் வந்துடுச்சி மேடம். தேவகிக்குப் போன் அடிச்சேன். முதல் ரிங்லயே எடுத்துச்சு."

7. திருத்தம்

நாளிதழில் தவறான எண் அச்சாகிவிட்டால் மறுநாள் திருத்தம் போடுவோம். அந்த மாத அறிக்கையின் தொடக்கத்தில் இப்படி எழுதினேன்: சென்ற மாத அறிக்கையில் இருநூற்றுப் பன்னிரண்டு டூப்ளிகேட் நீக்கப்பட்டதாகக் கூறப்பட்டிருந்தது. இருபத்தேழு என்று இருக்க வேண்டும். மற்ற நூற்று எண்பத்தைந்து பேரும் நம் மாணவர்கள்.

கரஸ்பாண்டென்ட் சார் போன் செய்தார். "இத எதுக்கும்மா எழுதுறே? யாருக்குத் தெரியப் போவுது?"

"நூத்தி எண்பத்தஞ்சு பேருக்குத் தெரியும் சார்."

"சரி, சரி. நோட்டு வச்சிருக்கிற அந்த பாய்க்கு ஒரு லெட்டர் போடு. என் கையெழுத்துல," என்றார்.

நோட்டைப் பார்த்துக் கார்டுகளைத் திரும்பச் சேர்க்கப் பத்தொன்பது நாள் ஆனது. நீக்கியதற்கு ஆன நேரம் பதினொரு வினாடி.

அடுத்து இந்த நாற்காலிக்கு வருகிறவருக்குச் சில விஷயங்கள். பேக்கப் கோப்பின் பெயரில் தேதியும் நேரமும் சேரும்படி ஸ்கிரிப்டை மாற்றியிருக்கிறேன், அதைத் தொடாதீர்கள். நீக்கு என்ற கட்டளை இப்போது எந்த ஸ்கிரிப்டிலும் இல்லை. ஒரே மெயில் ஐடி மூன்று பேருக்கு மேல் இருந்தால் ஓட்டம் நின்று உங்களைக் கேட்கும். அப்போது விசையை அழுத்தாமல் யாருக்காவது போன் செய்யுங்கள். பதில்கள் வரும் கணக்கைக் காலையும் மாலையும் திறந்து பாருங்கள்.

இன்னொன்று. தேவகி வேலைக்குப் போய் மூன்று வருடம் ஆகிறது. வயது வரம்பும் தாண்டிவிட்டது, இனி எந்த ஃபில்டரிலும் அவள் பெயர் வராது. ஆனாலும் அவள் கார்டு காண்டாக்ட்ஸில் இருக்கிறது. எந்த ஸ்கிரிப்டை ஓட்டினாலும், ஓட்டுவதற்கு முன் ஒருமுறையும் ஓட்டிய பின் ஒருமுறையும் நான் அந்தப் பெயரைத் தேடிப் பார்க்கிறேன். பெட்டி என்ன எண்ணிக்கை சொன்னாலும், அந்தப் பெயர் திரையில் வந்த பிறகுதான் நாற்காலியை விட்டு எழுவேன்.

வேலையில்லாத கார்டு என்று நினைத்து அதை எடுத்துவிடாதீர்கள். யாராவது கவுன்டருக்கு வந்து தன் பெயர் இருக்கிறதா என்று கேட்டால், மானிட்டரைத் திருப்பிக் காட்டுங்கள்.